அத்தாங்கின் பையும் ஆலயத் திருப்பணியும்

உலகில் தோன்றிய பொருள்கள் யாவும் காலத்தால் தேயும் இயல்புடையன. தேய்ந்ததைப் புதுக்குவது மனிதர் கடமை. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஓலைக் கூரையைப் பிரித்து வேய்வதும், கிடுகு வேலியை அடைப்பதும் ஆண்டுதோறும் நடந்து வந்த காரியங்கள். ஆலயங்களிலோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நிறைவேற்றுவது மரபு. ஆகவே புதுக்குவதா, விடுவதா என்பது பெரிய வினா அன்று. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதே வினா. ஒன்றைப் புதுக்கிய பின்னர் அது பழைய பொருள்தானா, அன்றி அதன் பெயரைத் தாங்கிய வேறொரு பொருளா என்பது அதனோடு சேர்ந்து வரும் இன்னொரு வினா.

திருப்பணி தொடங்கும் ஒவ்வொரு ஊரிலும் இவ்வினா ஏதோ ஒரு வடிவில் எழுகின்றது. சிலர் பழையதில் ஒரு கல்லையும் தொடவேண்டாம் என்பர். சிலர் யாவற்றையும் இடித்துப் பெரிதாகக் கட்டுவோம் என்பர். இரு சாராருடைய பக்தியிலும் குறைவில்லை. இருந்தும் மனத்தாங்கல் ஏற்பட்டு, ஒரே குடும்பத்தினர் ஆண்டுக் கணக்கில் முகம் பாராதிருந்த ஊர்களும் உண்டு. இந்த வினாவைத் தெளிவுபடுத்திக் கொள்ளப் பெரிய நூல்களுக்குச் செல்லுமுன், கடற்கரைக் குடும்பங்கள் நன்கறிந்த ஒரு சிறு கருவியை நோக்குவது பயன்தரும். அக்கருவி அத்தாங்கு.

அத்தாங்கு என்னும் கருவி

குடாநாட்டின் கரையோரங்களிலும் கடல்நீரேரிகளிலும் கரைவலை, சிறகுவலை, களங்கண்டி, கரப்பு, தூண்டில் எனப் பலவகைத் தொழில் முறைகள் வழங்கி வந்துள்ளன. கரைவலை இழுக்கப் பலர் வேண்டும். களங்கண்டி அடைக்கக் கம்புகளும் முதலும் வேண்டும். அத்தாங்கு ஒருவர் கையில் அடங்குவது. ஒரு மரப்பிடி, அதன் நுனியில் வளைத்துக் கட்டிய மரச் சட்டம், அச்சட்டத்தில் தொங்கும் வலைப் பை ஆகிய மூன்றுமே அதன் உறுப்புகள்.

முழங்காலளவு நீரில் நடந்து இறால் அள்ளுவோருக்கு அது உதவும். தூண்டிலில் அகப்பட்ட மீனைப் படகிலேற்றவும் அது உதவும். நீருக்குள் இருக்கும்வரை மீனின் பாரத்தின் பெரும்பகுதியை நீரே தாங்குகின்றது. நீரை விட்டு மேலே வரும்போது முழுப் பாரமும் தூண்டில் நூலில் விழுகின்றது. நூல் அறுவதும், முள் வாயைக் கிழித்துக்கொண்டு கழருவதும் பெரும்பாலும் அந்தக் கணத்திலேதான். அந்நேரத்தில் மீனின் கீழே சென்று தாங்குவது அத்தாங்கின் பை.

அந்தப் பைதான் முதலில் நைந்து போவது. முன்னாளில் பருத்தி நூலாலும் சணலாலும் பை முடிந்தனர். உப்புநீரில் நூல் உழுத்துப் போகாதிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றிலோ, மரப்பட்டை அவித்த நீரிலோ தோய்த்துக் காயவிட்டனர். எவ்வளவு பேணினாலும் பை சில பருவங்களுக்கே நின்றது. சட்டத்தோடு கட்டப்பட்ட விளிம்பு, தரையிலும் படகின் ஓரத்திலும் உராய்வதால், முதலில் அறும். அதனால் விளிம்புக்கு மட்டும் தடித்த நூல் இடுவது வழக்கம்.

பை மாற்றுவது எளிய வேலைபோலத் தோன்றும். ஆனால் அதற்கும் முறை உண்டு. பழைய பையை வெட்டி வீசிவிட்டுப் புதியதைக் கட்டுபவர் அனுபவமில்லாதவர். அறிந்தவர், பழைய பையின் வாயில் எத்தனை கண்கள் உள்ளன, அது எவ்வளவு ஆழம், சட்டத்தில் எத்தனை இடத்தில் கட்டப்பட்டுள்ளது என்பவற்றைப் பார்த்த பின்னரே அவிழ்ப்பார். ஆழம் குறைந்தால் மீன் துள்ளி வெளியேறும். ஆழம் கூடினால் பை சுற்றிச் சிக்கும். கண் மிகச் சிறுத்தால் நீர் வடியாது. தூக்குபவர் மீனைத் தூக்கமாட்டார், நீரையே தூக்குவார்.

அதே அத்தாங்குதானா?

ஒரு வீட்டில் பாட்டனார் நாற்பது ஆண்டு பாவித்த அத்தாங்கு ஒன்று இருப்பதாகக் கொள்வோருக்கு இவ்வினா எளிதில் விளங்கும். பை பலமுறை மாற்றப்பட்டது. ஒருமுறை சட்டம் முறிந்து வேறு கம்பு வளைத்துக் கட்டப்பட்டது. பின்னொருநாள் பிடியும் உழுத்துப்போய் மாற்றப்பட்டது. பேரன் கேட்கின்றான்: “அப்பு, இது உங்கட பழைய அத்தாங்கோ?” பாட்டனார் சிறிதும் தயங்காமல் “ஓம் தம்பி, அதுதான்” என்கின்றார். தொடக்கத்தில் இருந்த ஒரு நூலும், ஒரு கம்பும் இப்போது அதில் இல்லை. பாட்டனார் சொன்னது மெய்யா, பொய்யா?

கிரேக்க தேசத்தவரும் இதே வினாவை எழுப்பினர். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தவர் பேணிவந்தனர் என்றும், உழுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்தனர் என்றும், அது அதே கப்பலா என்று தத்துவ அறிஞர் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் தோமஸ் ஹொப்ஸ் அவ்வாதத்துக்கு இன்னொரு முடிச்சையும் இட்டார். கழித்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் மீண்டும் பொருத்தினால், இரண்டு கப்பல்களுள் எது உண்மையானது என்று அவர் கேட்டார்.

பௌத்தருடைய பாளி நூலாகிய மிலிந்த பஞ்ஹவில் மிலிந்தன் என்னும் அரசனும் நாகசேனர் என்னும் துறவியும் உரையாடுகின்றனர். அரசன் வந்த தேரைக் காட்டி, சில்லு தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என நாகசேனர் ஒவ்வொன்றாக வினவுகின்றார். இவற்றில் எதுவும் தேர் அன்று. இவை சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்பது அங்கே பெறப்படும் முடிவு. மனிதனையும் அவ்வாறே கொண்டு, உறுப்புகளின் சேர்க்கைக்கு அப்பால் நிலைத்த ஆன்மா இல்லை என்பது அவர்தம் கொள்கை.

சைவசித்தாந்தம் இவ்விடத்தில் வேறு வழி செல்கின்றது. மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் மூன்றாவது, உடம்பு வேறு, உயிர் வேறு என்பதை நிறுவுகின்றது. உடம்பும் பொறிகளும் மாயையிலிருந்து வந்த கருவிகள். கருவியைக் கொண்டு அறிகின்றவன் கருவியாக மாட்டான். உடம்பு குழந்தைப் பருவத்திலிருந்து முதுமைவரை மாறிக்கொண்டே செல்கின்றது. ஆயினும் பத்து வயதில் உண்டதை எழுபது வயதில் நினைவுகூருகின்ற உயிர் ஒன்றே.

இந்த விளக்கத்தைக் கொண்டு பாட்டனாரின் விடையை ஆராய்ந்தால் அது மெய்யென்றே தோன்றும். அத்தாங்குக்கு உயிர் இல்லை. அதன் ஒருமை அதனுள் இருப்பதன்று. அதைக் கையாள்பவரிடமிருந்து அதற்கு வருவது. கம்பும் நூலும் மாறினும், பிடித்த கையும், செய்த தொழிலும், அத்தொழிலுக்கு வைத்த அளவும் மாறவில்லை. எனவேதான் அது “அதே அத்தாங்கு”. மாறாக, கம்பும் சட்டமும் பழையனவாகவே இருக்க, அதில் வேறு அளவுள்ள பையைக் கட்டி வேறு தொழிலுக்கு எடுத்துச் சென்றால், பார்வைக்குப் பழையதாயினும் அது வேறொரு கருவியாகிவிடுகின்றது.

கண்ணின் அளவு

வலை முடிபவர் கையில் ஊசியோடு இன்னொரு பொருளும் இருக்கும். அது ஒரு சிறு மரத்துண்டு. நூலை அதன்மேல் சுற்றி முடிச்சிடும்போது எல்லாக் கண்களும் ஒரே அளவாக அமையும். அந்த அளவுக்கட்டை வலையின் உறுப்பு அன்று. வலை முடிந்ததும் அது பெட்டிக்குள் போய்விடும். ஆயினும் வலையின் தன்மையை நிர்ணயிப்பது அதுவே. எந்த மீன் நிற்கும், எது தப்பிப்போகும் என்பதை அந்தச் சிறு துண்டு முன்கூட்டியே தீர்மானித்து விடுகின்றது.

வலை என்றால் பிடிப்பது என்றே பலர் எண்ணுவர். உண்மையில் வலையின் பெரும்பகுதி வெறுமையே. எதைப் பிடிக்கவேண்டுமோ அதற்கு நூல்; எதை விடவேண்டுமோ அதற்குக் கண். இறாலின் வாழ்வை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி புரியும். கடல்நீரேரிகளில் பிடிபடும் பெரிய இறால் வகைகள் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் அலையோடும் வற்றுவெள்ளத்தோடும் ஏரிக்குள் வந்து, புல் நிறைந்த ஆழமற்ற நீரில் வளர்ந்து, பருவமெய்தியதும் முட்டையிட மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. குஞ்சை விடாத பை, இன்று ஒரு பிடி இறாலைத் தந்து, நாளை வரவேண்டிய பல பிடிகளை இல்லாமல் செய்கின்றது.

சிறிய கண் எல்லா இடத்திலும் குற்றம் என்பதல்ல. கூனி பிடிப்பவருக்குச் சிறிய கண்தான் வேண்டும். கூனி வளர்ந்தாலும் கூனியே. தொழிலுக்கு ஏற்ற அளவு என்பதே முறை. பெரிய இறாலுக்கு என்று கட்டிய சட்டத்தில் நுளம்பு வலைத் துணியைக் கட்டுவதுதான் முறைகேடு. அது மலிவு, முடியத் தேவையில்லை, கிழிந்தால் இன்னொன்று வாங்கலாம் என்பவை அதற்குச் சொல்லப்படும் நியாயங்கள். வறுமையும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கலாகாது. அடுப்பு எரியாத வீட்டிலிருந்து வருபவனிடம் அடுத்த பருவத்தைப் பற்றிப் பேசுவது எளிதன்று.

நைலோன் நூல் வந்தபின் பை உழுத்துப் போவது நின்றது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் உதவியோடு ஆரம்பிக்கப்பட்ட சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டும் தளத்தையும், குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் நடத்தியமை வடபகுதிக் கடற்றொழிலில் ஒரு திருப்பம். பட்டை அவிக்கும் வேலை இல்லாமற் போயிற்று. வலை வெகுகாலம் நின்றது. நன்மையோடு ஒரு தீங்கும் வந்தது. கடலில் தவறிப்போன பருத்தி வலை விரைவில் உழுத்துவிடும். தவறிப்போன நைலோன் வலை உழுக்காமல், உரிமையாளன் இல்லாமலே, மீன்களையும் ஆமைகளையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். நீடித்து நிற்பது எப்போதும் நன்மை என்பதற்கில்லை.

அரசும் கண்ணின் அளவைப் பற்றிக் கவலை கொண்டுள்ளது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் தீங்கான தொழில் முறைகளைத் தடுக்க இடமளிக்கின்றது. 2017இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி முறை இலங்கைக் கடலில் தடைசெய்யப்பட்டது. இழுவைமடி வடகடலில் ஏற்படுத்திய அழிவை அறியாத கடற்கரைக் குடும்பம் இல்லை. ஆயினும் சட்டம் காவலர் நிற்கும் இடத்தில் மட்டுமே வேலை செய்யும். இரவில் தனியாக நீருள் இறங்குபவனுக்கு அவன் மனச்சாட்சியே காவலர்.

விடுவதும் வழிபாடு

சைவ மரபில் இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராகிய அதிபத்தர், நாகபட்டினத்துக் கடற்கரையிலுள்ள நுளைப்பாடியில் பரதவர் குலத்தில் தோன்றியவர். நாள்தோறும் வலையில் விழும் மீன்களுள் தலையானதொன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலிலே விடுவது அவர் நியமம். பின்னர் வறுமை வந்தது. ஒரு நாளைக்கு ஒரு மீனே அகப்பட்டது. அதையும் அவர் விட்டார். குடும்பத்தினர் பசியில் வாடினர். இறுதியில் பொன்னும் மணியும் இழைத்தாற்போன்ற ஓர் அரிய மீன் மட்டும் வந்தபோது, அதையும் இறைவனுக்கென்று கடலிலே விட்டார் எனச் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். ஆவணி மாத ஆயிலியத்தில் அவர் குருபூசை நிகழும்.

இந்நாயனார் தம் தொழிலைக் கைவிட்டுக் காட்டுக்குச் செல்லவில்லை. வலையை எரிக்கவில்லை. பிடிப்பதற்குள்ளே ஒரு விடுதலை வைத்தார். பிடித்தது எல்லாம் தனக்கே என்று எண்ணாத ஒரு கண்ணை அவர் தம் வலையில் வைத்திருந்தார் எனலாம். செல்வம் சேர்ப்பவருக்கும், பதவி வகிப்பவருக்கும், ஆலயத்தை நிருவகிப்பவருக்கும் இது பொருந்தும். ஒருவருடைய ஒழுக்கம் அவர் எவ்வளவு சேர்த்தார் என்பதில் மட்டுமல்ல, எதை விட்டுக்கொடுத்தார் என்பதிலும் தெரியும்.

புதுக்கப்பட்ட ஆலயங்கள்

இந்த விளக்கத்தோடு ஆலயங்களின் வரலாற்றை நோக்கினால் பல ஐயங்கள் நீங்கும். நல்லூர்க் கந்தசுவாமி ஆலயம் 1621இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், ஒல்லாந்தர் காலத்தில், 1734இல் இரகுநாத மாப்பாண முதலியார் காலத்தில் வேறோரிடத்தில் ஆலயம் மீண்டும் எழுந்தது. கல்லும் வேறு, நிலமும் வேறு. ஆயினும் நல்லூரான் என்று கைகூப்பும் அடியார் எவரும் இது வேறு கோயில் என்று எண்ணியதில்லை.

கீரிமலை நகுலேஸ்வரம் 1990இல் குண்டுவீச்சுக்கு உள்ளாகிச் சிதைந்தது. சுற்றியிருந்த மக்கள் இடம்பெயர்ந்து, அப்பகுதி நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் இருந்தது. பின்னர் திருப்பணி நடந்து 2012இல் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி ஆலயம் இவ்விடத்தில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஆற்றில் மீன்பிடித்து வாழ்ந்த மருதர் கதிர்காமர் என்னும் அடியாருக்கு முருகன் அருள்செய்தமையால் எழுந்தது என்பது அவ்வாலய வரலாறு. அவர் வழிவந்தோரே வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கின்றனர். கருவறையில் வேலே மூலவர். அறுபத்தைந்து ஆலமிலைகளில் அமுது படைக்கப்படுகின்றது. 1986இல் போர்ச்சூழலில் அவ்வாலயத்தின் பெருந்தேர் எரிந்துபோயிற்று. பின்னர் புதிய தேர் ஓடிற்று. தேர் எரிந்தமை அடியார் நெஞ்சில் ஆறாத வடு. எனினும் தேர் எரிந்த காலத்திலும் இலை விரிந்தது. நேற்றைய ஆலமிலை இன்று சருகு. இன்றைய படையலுக்கு இன்றைய இலை. நாள்தோறும் மாறும் அந்த இலையே அவ்வாலயத்தில் மாறாத பொருள் என்றால் மிகையாகாது.

பிற இடங்களிலும் இவ்வுண்மையைக் காணலாம். பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் மூலவர் மரத்தாலானவர். ஆடி மாதம் இரட்டித்து வரும் குறித்த ஆண்டுகளில் வேப்பமரத்தால் புதிய திருவுருவங்கள் செய்து, பழையவற்றின் உள்ளே இருக்கும் மறைபொருளைப் புதியவற்றுக்கு மாற்றுவர். 1996இலும் 2015இலும் அது நிகழ்ந்தது. யப்பான் நாட்டின் ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் முற்றாகப் புதிதாகக் கட்டுவர். 2013இல் அறுபத்திரண்டாவது முறையாக அது நடந்தது. மரம் இருபது ஆண்டே பழையது. கட்டும் முறையோ ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது.

சைவாகமங்களும் இவ்வினாவுக்கு முன்னரே விடை வகுத்துள்ளன. பழைய ஆலயத்தைப் புதுக்கிச் செய்யும் கும்பாபிஷேகத்துக்குப் புனராவர்த்தம் என்று தனிப்பெயர் உண்டு. திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்து, இறைவனது திருவருட் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ வேறொரு பிம்பத்திலோ எழுந்தருளச் செய்கின்றனர். கல் கழற்றப்படும் காலத்தில் வழிபாடு இடையறாதிருக்கவே இந்த ஒழுங்கு. பொருளை மாற்று, தொடர்பை அறுக்காதே என்பதே அதன் கருத்து.

தேய்ந்த அளவுக்கட்டை

இதுவரை சொன்னவற்றால், அளவை மாற்றாதிருந்தால் போதும் என்ற முடிவுக்குச் சிலர் வரக்கூடும். அங்கேதான் இன்னொரு நுட்பம் உண்டு. அளவுக்கட்டையும் மரமே. ஆயிரமாயிரம் முறை நூல் உராய்ந்து அதுவும் தேயும். தேய்ந்த கட்டையைப் பார்த்துப் புதிய கட்டை வெட்டினால் தேய்வும் சேர்ந்து வரும். பழைய பையைப் பார்த்து அளவெடுத்தாலும் அவ்வாறே. நீரில் ஊறிச் சுருங்கிய கண்ணின் அளவே புதிய பைக்கு வரும். ஒவ்வொருவரும் “முன்னிருந்தபடியே செய்தேன்” என்று மெய்யாகவே சொல்வர். மூன்று தலைமுறை சென்றபின் கண் பாதியாகியிருக்கும். எவரும் பிழை செய்யவில்லை. ஆனால் பிழை நடந்துவிட்டது.

ஆலய வழக்கங்கள் பலவற்றுக்கும் இது நேர்ந்துள்ளது. இறைவன் சந்நிதி யாவருக்கும் உரியது என்பது நாயன்மார் வாழ்ந்து காட்டிய அளவு. திருநாளைப்போவாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் அடியாராக வணங்கும் சமயம் இது. அத்தகைய சமயத்தின் ஆலயங்கள் பலவற்றில், “முன்னோர் வழக்கம்” என்ற பெயரால், உழைக்கும் மக்களில் ஒரு பெரும் பகுதியினர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் அறவழியில் போராட வேண்டியிருந்தது. வழக்கத்தைக் காத்தவர்கள் தாம் சமயத்தைக் காப்பதாகவே நம்பினர். அவர்கள் கையில் இருந்தது தேய்ந்த கட்டை. மூல அளவு சிவபெருமான் திருமுன்பே இருந்தது. அதைச் சென்று பார்த்தவர் சிலரே.

எனவே மரபு பேணுவது என்பது கடைசிப் பிரதியைப் பார்த்து எழுதுவதன்று. அளவு எதற்காக வைக்கப்பட்டது என்பதைக் கேட்டு, அந்தப் பயனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே மரபு பேணுதல். அத்தாங்குக்கு அளவுகோல் வளர்ந்த இறால். ஆலயத்துக்கு அளவுகோல், கவலையோடு வரும் ஓர் எளிய அடியார் அங்கே அமைதியாக நின்று வழிபட முடிகின்றதா என்பது.

திருப்பணி செய்வோர் கருத்தில் கொள்ளவேண்டியவை

போர் ஓய்ந்தபின் குடாநாட்டில் எண்ணற்ற ஆலயங்கள் புதுப்பொலிவு பெற்றுள்ளன. புலம்பெயர்ந்து வாழும் அடியார்களின் உதவி இதில் பெரிது. குளிரிலும் பனியிலும் உழைத்த பணத்தைத் தம் ஊர்க்கோயிலுக்கு அனுப்புபவரின் அன்பைக் குறைத்துப் பேசுவது நன்றியின்மை. அவர் அனுப்பிய படத்தில் இருக்கும் இராசகோபுரத்தைக் காண ஆசைப்படுவதும் இயல்பே. ஆயினும் பெரிதாக்குவது வேறு, புதுக்குவது வேறு.

கடற்கரையோர ஆலயங்களில் பழைய சுண்ணாம்புச் சாந்துக் கட்டடங்கள் பல தலைமுறை நின்றுள்ளன. அவற்றை இடித்துவிட்டுக் கட்டும் கொங்கிறீற் மண்டபங்களில், உப்புக்காற்றும் கழுவாத மணலும் உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகளைத் துருவேற்றுகின்றன. துரு பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்கின்றது. ஒரு தலைமுறைக்குள் மீண்டும் பணம் சேர்க்கவேண்டிய நிலை வருகின்றது. கற்சிற்பங்களின்மேல் தடித்த வர்ணம் பூசுவதால் சிற்பியின் உளி வேலை மறைந்துபோகின்றது. மண்டபம் விரிய விரிய, மருத மரமும் வேப்ப மரமும் தறிக்கப்பட்டு, தேர் பார்க்க வந்த முதியோர் நிற்க நிழல் இல்லாமற் போகின்றது. இவை பையை மாற்றும்போது கண்ணைத் தொலைத்தமைக்கு உதாரணங்கள்.

பை மாற்றுபவர் அவிழ்க்குமுன் எண்ணிப் பார்ப்பதுபோல, திருப்பணிச் சபையாரும் இடிக்குமுன் எண்ணிப் பார்ப்பது நலம். பழைய ஆலயத்தின் அளவுகளையும் படங்களையும் எடுத்துப் பதிவு செய்தல் வேண்டும். முன்னோர் உபயம் பொறித்த கற்களை மண்ணுள் போட்டு மூடாமல் புதிய சுவரில் பதித்தல் வேண்டும். கோபுரத்துக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை நித்திய பூசைக்கும், விளக்கெண்ணெய்க்கும், அன்னதானத்துக்கும், ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்கும் ஒதுக்குதல் வேண்டும். உபயகாரர் வரிசையில் பெரும்பணம் தந்தவர் பெயர் இருப்பதுபோல, கல் சுமந்தவர்களுக்கும் மண்டபத்தில் இடம் இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பணி நடக்கும் ஆண்டுகளில் ஒரு நாளேனும் பூசை தவறாதிருத்தல் வேண்டும்.

இவற்றை விட்டு, பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒழுகும் கூரையைக் கட்டிப்பிடித்திருப்பதும் பக்தி ஆகாது. உழுத்த பையோடு கடலுக்குப் போகிறவன் மரபைக் காக்கவில்லை, மீனைத்தான் இழக்கின்றான். மாற்றவேண்டியதை மாற்றத் துணிவும், மாற்றக்கூடாததைக் காக்க உறுதியும், இரண்டையும் பிரித்தறிய விவேகமும் ஒருங்கே வேண்டும்.

உடம்பாகிய பை ஒருநாள் அவிழ்க்கப்படும். அதை எவராலும் தடுக்க முடியாது. இருக்கும் காலத்தில் அதனுள் எதைச் சேர்த்தோம் என்று கணக்குப் பார்ப்பவர் பலர். எதை விட்டோம் என்று கணக்குப் பார்ப்பவரே அதிபத்த நாயனாரின் வழியில் நிற்பவர். அடுத்த தலைமுறை கையில் எடுக்கும் அத்தாங்கு புதிய நூலால் முடிந்ததாகவே இருக்கட்டும். அதன் கண் மட்டும் சுருங்காதிருக்கட்டும். அடுத்த தலைமுறை வணங்கும் ஆலயம் புதிய கல்லால் எழுந்ததாகவே இருக்கட்டும். அதன் வாசல் மட்டும் குறுகாதிருக்கட்டும். அதற்கான நல்லறிவையும் ஒற்றுமையையும் எல்லாம்வல்ல எம்பெருமான் அடியார் அனைவருக்கும் அருள்வாராக.

சுபம்.